மான் வேட்டைக்கு விலை குறைந்த துவக்கே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் மான் வேட்டைக்குப் புதிதாக இறங்குகிறவர்களுக்கென்று உங்கள் பத்திரிகை வெளியிட்ட கட்டுரை நல்ல முயற்சி. துவக்கு வாங்குவது பற்றிய பகுதியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆயிரத்தைந்நூறு டொலருக்குக் கீழே உள்ள, ஒவ்வொரு வெடிக்கும் கையால் தாழ்ப்பாளை (போல்ட்) இழுத்து ரவை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களை நம்பக்கூடாது என்றும், .300 வின்செஸ்டர் மக்னம் என்ற பலமான ரவை சுடும் துவக்கு ஒன்றை எடுத்துவிட்டால் மானுக்கும் மூஸ் என்ற பெரிய மானினத்துக்கும் அதுவே போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். இதைக் கேட்டு நடக்கிற புதியவருக்குக் காசும் போகும், தோளும் நோகும், குறியும் தவறும். ஐந்நூறு முதல் எண்ணூறு டொலருக்குள் கிடைக்கிற ரைபிளால் ஒன்ராறியோக் காட்டில் மான் சுடத் தாராளமாக முடியும். மிச்சக் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு.

அதற்கும் முதல், உங்களுக்கு ரைபிள் வேண்டுமா என்பதையே பார்க்க வேண்டும். மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிமுறைச் சுருக்கத்தில், நீங்கள் போகப்போகிற இடம் எந்த வனவிலங்கு முகாமைத்துவ அலகில் வருகிறது, அந்த அலகின் மான் காலத்துக்கு எந்த ஆயுதம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தென் ஒன்ராறியோவில் பல அலகுகளில் ஷொட்கன், வாய்வழி மருந்திடும் துவக்கு, வில் ஆகியவற்றுக்கு மட்டுமே இடம். ரைபிளோடு அங்கே மான் வேட்டைக்குப் போனால் குற்றம். ஹலிபேர்ட்டன், பரி சவுண்ட், பான்குரொப்ட் பக்கங்களில்தான் நவம்பர் முதல் இரு வாரங்களை ஒட்டி ரைபிள் காலம் வருகிறது. ஸ்காபரோவில் இருந்துகொண்டு பக்கத்து நகரத்துப் பண்ணை நிலத்தில் மட்டும் வேட்டையாட நினைப்பவர் ரைபிள் வாங்கி அலுமாரிக்குள் வைப்பதில் அர்த்தமில்லை. இன்னொன்று: .22 போன்ற, பின்புற விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் விளிம்படி ரவைத் துவக்குகளால் மான் சுட அனுமதி இல்லை. பின்புற நடுவில் அடிபடும் மைய அடி ரவை வேண்டும்.

இனி விலை. மலிவான ரைபிள் என்றால் குறி தவறும் என்பது பழைய எண்ணம். ஒரு காலத்தில் குழலை, போல்ட் ஓடும் உடலோடு பொருத்தி, ரவை உட்காரும் இடைவெளியைச் சரிபார்ப்பதற்குக் கைதேர்ந்த தொழிலாளி கடைசல் இயந்திரத்தின் முன்னே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். 1958இல் வந்த சாவேஜ் 110 இந்த வேலையைச் சுருக்கியது. குழலை முறுக்கிக்கொண்டே போய், ரவை வடிவ அளவுக்கட்டையில் தொட்டதும் ஒரு நட்டைப் போட்டு இறுக்கிவிடலாம். ருகர் அமெரிக்கனும் இதே குழல் நட்டு முறையைப் பின்பற்றுகிறது. அதன் குழல் குளிர்நிலையில் சுத்தியலடித்து உருவாக்கப்படுவது. இப்படிக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் விலையை இறக்கினார்கள். குழலில் பெரிதாகக் கை வைக்கவில்லை. அதனால் இன்று அறுநூறு டொலர் ரைபிளில் ஒத்துப்போகிற ரவையைப் போட்டால் நூறு யார் (கெஜம்) தூரத்தில் மூன்று சன்னங்கள் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுவது சாதாரணம். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குலம். எங்கள் மேப்பிள், சீடர் காடுகளில் பெரும்பாலான வெடிகள் நூறு யாருக்குள்தான் விழும். கணக்கைப் பார்த்தால், துவக்கின் துல்லியம் சுடுகிறவரின் கையைவிட எப்போதும் முன்னுக்குத்தான் நிற்கிறது.

அப்படியானால் எங்கே வெட்டுகிறார்கள்? ஸ்டொக் (குழலையும் உடலையும் தாங்கும் கட்டை), மகசின் (ரவைக் கூடு), போல்ட்டின் மினுக்கம், விசை (ட்ரிகர்), கூட்டாக வரும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). இந்த ஐந்தையும் கடையிலேயே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

ஸ்டொக் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். குழலுக்கும் முன்பிடிக்கும் இடையில் எங்கும் முட்டாமல் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு இருபது டொலர்த் தாளை இரண்டாக மடித்துக் குழலுக்கு அடியில் செருகி, முன்பிடி நுனியிலிருந்து உடல் வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் நல்லது. பிறகு முன்பிடியைக் கையால் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு இன்னொரு முறை இழுங்கள். சில மலிவு ஸ்டொக்குகள் இந்த அழுத்தத்திலேயே வளைந்து குழலில் முட்டும். தோள்வாரை இறுக்கிப் பிடித்துச் சுட்டால், அல்லது முன்பிடி நுனியில் இரட்டைக்கால் பூட்டிச் சாய்ந்தால் சன்னம் விழும் இடம் இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப்போவது இதனால்தான். ஆள் ஸ்கோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். இதற்குப் பரிகாரம் சுலபம்: குழல் கிடக்கும் பள்ளத்தை ஒரு மரக்கட்டையில் மணல்தாள் சுற்றி ஓரிரு மில்லிமீற்றர் அகட்டலாம். மேசையில் சுடும்போது மணல்பையை முன்பிடி நுனிக்கு வைக்காமல் மகசினுக்குக் கிட்டக் கொண்டுவந்து வைக்கலாம்.

மகசினைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. காட்டில் மலிவு ரைபிள் காலை வாருவது பெரும்பாலும் இதனால்தான். பிளாஸ்டிக் கொக்கி சரியாக மாட்டாமல், நடக்கும்போது மகசின் எங்கோ பனிக்குள் விழுந்து, வெடிச் சந்தர்ப்பம் வரும்போதுதான் தெரியவரும். மாட்டியதும் கீழ்நோக்கி ஒரு இழுவை இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கடையில் போலி ரவைகளைப் போட்டு நாலைந்து முறை வேகமாக ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இந்த விலை ரைபிள்களில் போல்ட் ரவையை முன்னே தள்ளிக்கொண்டுதான் போகும். முழுதாக மூடும்வரை அதைக் கவ்விப் பிடிக்காது. பாதி தள்ளிவிட்டுப் பின்னே இழுத்தால் ஒரு ரவை அறைக்குள் நிற்க, இன்னொன்று அதன் பின்னால் முட்டி இறுகும். எனவே போல்ட்டைக் கடைசிவரை பின்னே இழுத்து, கடைசிவரை முன்னே தள்ளப் பழக வேண்டும். பயந்து மெதுவாகச் செய்பவருக்குத்தான் அடைப்பு வரும். வாங்கும்போதே இரண்டாவது மகசின் ஒன்றைச் சேர்த்து எடுங்கள். கழற்றும் மகசினுக்குச் சட்ட வசதியும் ஒன்று உண்டு. ஒன்ராறியோவில் வாகனத்துக்குள் ரவையேற்றிய துவக்கு இருக்கக்கூடாது. துவக்கில் மாட்டியிருக்கும் மகசினில் ரவை இருந்தாலும் அது ஏற்றிய துவக்குத்தான். காரில் ஏறுமுன் அறையைக் காலி செய்து மகசினைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது. கழற்ற முடியாத மகசின் என்றால் விறைத்த விரல்களால் ரவைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும்.

போல்ட் கரகரவென்று ஓடுவதைப் பார்த்து மனம் சலிக்க வேண்டாம். பாதி கரகரப்பு தொழிற்சாலையில் பூசிய துருத்தடுப்பு எண்ணெய். துடைத்துவிட்டு, போல்ட்டை மூடிப் பூட்டும் கொம்புகளின் பின்முகத்தில் மட்டும் துளி கிரீஸ் தடவி, வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே காலித் துவக்கின் போல்ட்டை இருநூறு முறை ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

விசையில் வேறுபாடு பெரிது. சாவேஜ் அக்சிஸின் அடிப்படை வடிவத்தில் விசை கனமானது, கூட்டிக் குறைக்க முடியாது. அதே துவக்கின் இரண்டாம் வடிவத்தில் அக்கியூட்ரிகர் என்ற விசை இருக்கிறது. கூடுதல் விலை நூறு டொலரைச் சுற்றித்தான் வரும். கட்டாயம் அதையே எடுங்கள். ருகர் அமெரிக்கனில் மூன்று முதல் ஐந்து பவுண்ட் வரை கூட்டிக் குறைக்கலாம். ஸ்டொக்கிலிருந்து உடலைக் கழற்றி, விசைக்கு முன்னால் இருக்கும் சிறு ஸ்குரூவைத் திருப்பினால் போதும். கையுறை போட்டுச் சுடுகிறவருக்கு மூன்றரை பவுண்ட் அளவானது. அதற்கும் கீழே இறக்கி, தொட்டதும் வெடிக்கிற மாதிரி வைத்துக்கொள்வது போட்டித் துவக்குக்கு வேண்டுமானால் சரி. விசையை எப்போது தொட்டாலும், காலித் துவக்கைக் கொக்கி போட்டு (சுடத் தயாரான நிலையில் வைத்து), பிடங்கை, அதாவது தோளில் வைக்கும் பின்பகுதியை, தரையில் தட்டி, சேஃப்டியை மாற்றி மாற்றிப் போட்டு, கொக்கி தானாக விழுகிறதா என்று பார்க்காமல் ரவை ஏற்றக் கூடாது.

எந்தத் துவக்கு என்று பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: 2012இல் சந்தைக்கு வந்த ருகர் அமெரிக்கனைத்தான் முதலில் சொல்வேன். போல்ட் தூக்கும் கோணம் 70 பாகை என்பதால் ஸ்கோப்பில் கை இடிக்காது. சேஃப்டியைப் போட்டபடியே போல்ட்டைத் திறந்து ரவையை வெளியே எடுக்கலாம், புதியவருக்கு இது பெரிய வசதி. அடுத்தது அக்சிஸின் இரண்டாம் வடிவம். விலை குறைவு, ஸ்டொக் மெலிது, சுடுவது நேராக. மொஸ்பேர்க் பேட்ரியட்டும் வின்செஸ்டர் எக்ஸ்பிஆரும் இதே வரிசைதான். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து எது தோளுக்கு இசைகிறதோ அதை எடுக்கலாம். ஆயிரம் டொலருக்கு மேலே போக வசதியுள்ளவர் பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் பார்க்கலாம். போல்ட் வழுக்கிக்கொண்டு போகும். வடக்கே காவல் பார்க்கும் இராணுவப் பிரிவான கனேடிய ரேஞ்சர்களுக்குப் பழைய லீ என்பீல்டு ரைபிளுக்குப் பதிலாகக் கொடுத்த சி19 துவக்கு இந்த டிக்காவை வைத்து ஒன்ராறியோவின் கிச்சனரில் செய்யப்பட்டதுதான். ஆனால் டிக்கா சுட்ட மானும் அக்சிஸ் சுட்ட மானும் கறிச்சட்டியில் ஒன்றுதான்.

அமெரிக்க இணையக் காணொளிகளைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே குழல் நுனியில் மரை போட்ட துவக்குக்குக் கூடுதல் காசு கொடுக்கச் சொல்வது சத்தம் குறைக்கும் கருவி பூட்டுவதற்காக. கனடாவில் அந்தக் கருவி தடைசெய்யப்பட்டது. இங்கே அந்த மரையில் பெரும்பாலும் பூட்டுவது பின்னுதை குறைக்கும், பக்கங்களில் துளையிட்ட முனைக்கருவிதான். அது தோளைக் காப்பாற்றிக் காதைக் கெடுக்கும், பக்கத்தில் நிற்பவரின் காதையும் சேர்த்து.

ரவை அளவில்தான் கட்டுரை மிகவும் தவறிவிட்டது. ஏழரை பவுண்ட் எடையுள்ள துவக்கில் பின்னுதையை அடி-பவுண்டில் கணக்கிட்டால் .243 வின்செஸ்டர் பத்தை ஒட்டியும், 6.5 கிரீட்மோர் பன்னிரண்டு பதின்மூன்றும், .308 வின்செஸ்டர் பதினேழு பதினெட்டும், .30-06 இருபதை ஒட்டியும் வரும். .300 மக்னம் இருபத்தாறைத் தாண்டும். மலிவு ரைபிள் வெறும் ஆறரை பவுண்ட்தான் இருக்கும், எனவே உதை இன்னும் கூடும். முதல் பெட்டி ரவையை மக்னத்தில் சுட்டுப் பழகுகிறவர் பத்தாவது வெடியில் கண்ணை மூடத் தொடங்குவார். விசையை இழுக்கும் கணத்தில் தோள் தானாக முன்னே போகும், சன்னம் கீழே இறங்கும். ஒருமுறை பிடித்தால் இந்தப் பழக்கம் லேசில் போகாது. உங்களுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க, சுடுகளத்தில் கூட வந்தவரிடம் மகசினைக் கொடுத்து, நல்ல ரவைகளுக்கு நடுவே போலி ரவை ஒன்றிரண்டைக் கலந்து போடச் சொல்லுங்கள். போலி ரவையில் விசையை இழுக்கும்போது குழல் நுனி குதித்தால் விடை கிடைத்துவிட்டது.

முதல் துவக்குக்கு .308 என்பதே என் தெரிவு. 150 கிரெய்ன் (சன்னத்தின் எடை அளவு) சன்னம் குழலை விட்டு விநாடிக்கு 2800 அடி வேகத்தில் புறப்படும், மானுக்கு அது போதும் போதும். மூஸுக்கு 165 அல்லது 180 கிரெய்ன் நல்ல சன்னத்தைப் போட்டு, தூரத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டால் அதுவும் சரி. வடக்கே சின்ன ஊர்க் கடையில்கூட .308, .30-06 பெட்டிகள் இருக்கும். 6.5 கிரீட்மோர் 2007இல் வந்தது. உதை மெல்லியது, உடல் சிறியவர்களுக்கு மிகப் பொருத்தம். வீட்டிலிருந்தே போதிய ரவை கொண்டுபோகிறவருக்கு அதில் குறையில்லை. .243 மானுக்கு நல்லது, மூஸுக்கு வேண்டாம்.

ரவைப் பெட்டியில் சன்னத்தின் வகையையும் படியுங்கள். மென்முனை, அல்லது பிளாஸ்டிக் முனையோடு விரியும் சன்னம் என்று இருக்க வேண்டும். முழுக்கவச சன்னம் விரியாமல் ஊடுருவிப் போய்விடும், மான் காயத்தோடு ஓடி எங்கோ சாகும். ஒன்ராறியோ வேட்டை விதியும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஈயச் சன்னம் உடைந்து தூளாகி, காயத்தைச் சுற்றி விரல் நீளத்துக்கும் அப்பால் இறைச்சிக்குள் கிடக்கலாம். சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், அல்லது செப்புச் சன்னத்துக்கு மாறுங்கள். செப்பு விலை கூட, ஆனால் வேட்டைக்கு ஆண்டுக்கு ஒரு பெட்டிக்கு மேல் போகாது.

அளவு பொருந்துவதைப் பற்றி எங்கள் ஆக்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். பிடங்கின் பின்பக்கத்திலிருந்து விசை வரை உள்ள நீளம் பெரும்பாலான துவக்குகளில் பதின்மூன்றரை முதல் பதின்மூன்றே முக்கால் அங்குலம். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு வெறும் சட்டையிலேயே அது கொஞ்சம் நீளம். நவம்பரில் தடித்த அங்கியும் அதன்மேல் செம்மஞ்சள் மேலங்கியும் போட்டால் இன்னும் அரை அங்குலம் சேரும். பிடங்கு தோளில் மாட்டாமல் கக்கத்தில் சிக்கும். எனவே ஓகஸ்ட் மாதத்தில் வாங்கப் போனாலும் குளிர் அங்கியைக் கையோடு கொண்டுபோங்கள். அதைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். கழுத்தை நீட்டவோ சுருக்கவோ செய்யாமல் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும். கறுப்பு விளிம்பு தெரிந்தால் நீளமோ ஸ்கோப்பின் இடமோ பொருந்தவில்லை. பன்னிரண்டரை அங்குலப் பிடங்கோடு வரும் கொம்பாக்ட் வடிவங்களைச் சிறுவருக்கானவை என்று ஒதுக்க வேண்டாம். குழலும் குட்டையாக இருப்பதால் அடர்ந்த காட்டில் அவை கிளைகளில் மாட்டுவதும் குறைவு.

ஸ்கோப் பூட்டி விற்கும் கூட்டுப் பொதி எண்ணூறுக்குள் முடிந்துவிடும் என்பதால் எல்லாரும் அதற்கே ஆசைப்படுவார்கள். அந்த ஸ்கோப்பின் விலை எழுபது எண்பது டொலர்தான் என்பதை மறக்கக்கூடாது. மான் நடமாடுவது விடியும்போதும் பொழுது சாயும்போதும். மலிவுக் கண்ணாடியில் அந்த வெளிச்சத்தில் பழுப்புக் காட்டுக்குள் பழுப்பு மானைப் பிரித்தறிய முடியாது. வெறும் ரைபிளை வாங்கி, 3-9x40 அளவில் (மூன்று முதல் ஒன்பது மடங்கு உருப்பெருக்கம், நாற்பது மில்லிமீற்றர் கண்ணாடி) இருநூற்றைம்பது முந்நூறு டொலர் ஸ்கோப் ஒன்றைத் தனியே எடுப்பதுதான் புத்தி. லியூபோல்ட் விஎக்ஸ் ஃப்ரீடம், வோர்ட்டெக்ஸ் கிராஸ்ஃபயர் இரண்டும் அந்த அளவில் பெயர் எடுத்தவை. 4-16, 6-24 என்று பெரிய உருப்பெருக்கம் தேடவேண்டாம். இருபது யாரில் மான் எழும்பி ஓடும்போது அதில் தெரிவது மயிர் மட்டும்தான்.

பூட்டும் முறை: ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டின் ஸ்குரூக்களையும் துளைகளையும் அற்ககோலால் துடைத்து எண்ணெய் போக்கி, நீல நிற மரைப்பசை ஒரு துளி வைத்து இறுக்குங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் மேல்மூடி ஸ்குரூக்களுக்குப் பசை வேண்டாம். பதினைந்து முதல் பதினெட்டு அங்குல-பவுண்ட் வரை, குறுக்காக மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கை பலத்தால் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கி உருப்பெருக்க வளையம் இறுகிவிடும். முறுக்களவு காட்டும் திருப்புளி ஐம்பது அறுபது டொலர், நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். ஸ்டொக்கை உடலோடு பிடிக்கும் இரண்டு பெரிய ஸ்குரூக்களுக்குத் துவக்குக்குத் துவக்கு அளவு வேறு, கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். புதுத் துவக்கு குறி அலைகிறது என்று திரும்பக் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு இந்த இரண்டு ஸ்குரூவும் தளர்ந்துதான் இருக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் மூன்றரை அங்குலமாவது விடுங்கள். இல்லாவிட்டால் புருவத்துக்கு மேலே அரைவட்டக் காயம் உறுதி.

குறி சரிசெய்யும்போது ரவையை வீணாக்காத வழி இருபத்தைந்து யாரில் தொடங்குவது. போல்ட்டைக் கழற்றி, துவக்கை மணல்பைகளில் அசையாமல் வைத்து, குழல் வழியாகப் பார்த்து இலக்கின் நடுவை வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். துவக்கை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குத் திருப்புங்கள். பிறகு ஒரு வெடி. வழக்கமான ஸ்கோப்பில் ஒரு கிளிக் நூறு யாரில் கால் அங்குலம், இருபத்தைந்து யாரில் அது அங்குலத்தின் பதினாறில் ஒன்று. அதாவது இங்கே ஒரு அங்குலம் விலகினால் பதினாறு கிளிக். நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று சலிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்கள். அங்கே நடுவுக்கு வந்ததும் நூறு யாருக்குப் போய் மும்மூன்றாகச் சுடுங்கள். ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு போல்ட்டைத் திறந்துவைத்துக் குழலைக் கையால் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிடுங்கள். மெல்லிய வேட்டைக் குழல் சூடேறினால் சன்னம் ஒரு பக்கமாக நகரும், அதைத் துரத்திக்கொண்டு ஸ்கோப்பைத் திருப்பினால் பெட்டி காலியாகும், குறி கிடைக்காது. .308இல் 150 கிரெய்னை நூறு யாரில் நேராக வைத்தால் இருநூறில் ஏறத்தாழ நாலு அங்குலம் இறங்கும். எங்கள் காட்டுக்கு அதற்கு மேல் கணக்கு வேண்டாம். காட்டில் நீங்கள் சுடப்போவது ஆறிய குழலிலிருந்து ஒரே ஒரு வெடி. ஆகவே சுடுகளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் சன்னம் எங்கே விழுந்தது என்று தனியாகக் குறித்துவையுங்கள், மிச்சத்தைவிட அது முக்கியம். எந்த நிறுவனத்தின் ரவையில் குறி சரிசெய்தீர்களோ அதே ரவை, அதே எடைதான் வேட்டைக்கும். பெட்டி மாறினால் குறி மாறும்.

மொத்தக் கணக்கு ஆயிரத்து இருநூறு டொலர் என்று வைத்தால்: துவக்கு அறுநூறு, ஸ்கோப் இருநூற்றெண்பது, அடித்தட்டும் வளையமும் எழுபது, ரவை மூன்று பெட்டி நூற்றுமுப்பதிலிருந்து நூற்றைம்பதுக்குள். மிஞ்சுவதில் விசைப்பூட்டும் துப்புரவுக் கோலும். பதின்மூன்று வீத வரி தனி. மேலே அணியும் செம்மஞ்சளை மறக்கவேண்டாம்: இடுப்புக்கு மேலே எல்லாப் பக்கமும் தெரியும்படி நானூறு சதுர அங்குலமும், தலையில் ஒரு தொப்பியும் சட்டப்படி வேண்டும்.

பழைய துவக்கு வாங்கலாமா என்றால், வாங்கலாம், பார்த்து. போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும், கரும்புள்ளி அரிப்பு ஆகாது. குழல் வாயின் விளிம்பில் வெட்டு விழுந்திருந்தால் குறி போய்விட்டது. ஸ்குரூத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவர் கை வைத்திருக்கிறார். காலித் துவக்கில் சேஃப்டியைப் போட்டு, விசையை இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை எடுத்துவிடுங்கள். அந்தக் கணத்தில் கொக்கி விழுந்தால் விலை எதுவானாலும் வேண்டாம். ரெமிங்டன் 700 வாங்குவதானால் எப்போது செய்தது, எந்த விசை என்று விசாரிக்க வேண்டும். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை எக்ஸ்-மார்க் ப்ரோ விசையோடு வந்தவை தானாக வெடிக்கக்கூடும் என்று 2014இல் திரும்பப் பெறப்பட்டன.

இலங்கையில் பொலிஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ நொட் த்ரீ லீ என்பீல்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் இருக்கத்தான் செய்யும். இரண்டாம் உலகப் போரின்போது ரொறன்ரோவுக்கு மேற்கே லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் அவை இலட்சக்கணக்கில் செய்யப்பட்டன. ஒன்ராறியோக் கிராமங்களில் தலைமுறையாக மான் சுட்ட துவக்கும் அதுதான். வாங்குவதானால் போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நாலாம் இலக்க என்பீல்டின் போல்ட் தலை 0 முதல் 3 வரை நாலு அளவில் வரும். ஒரு துவக்கின் போல்ட் இன்னொன்றில் ஓடுவதுபோலத் தெரிந்தாலும் ரவைக்குப் பின்னால் இடைவெளி கூடி, பித்தளை பிளந்து வாயு முகத்தை நோக்கி வரலாம். எண் பொருந்தாவிட்டால் அளவுக்கட்டை உள்ள துவக்குத் திருத்துபவரிடம் காட்டாமல் சுடக்கூடாது. .303இன் சன்னம் .311, .312 அங்குல விட்டம், .308 சன்னம் அதில் தளரும். இராணுவ மிகுதிப் பெட்டிகளில் இருப்பது முழுக்கவச சன்னம், அது சுடுகளத்துக்கு மட்டும். ஸ்கோப் பூட்டுவதும் எளிதல்ல. கணக்குப் பார்த்தால் புது ருகரை நெருங்கிவிடும்.

தனியாரிடம் வாங்கும்போது 2022 மே 18 முதல் ஒரு படி கூடியிருக்கிறது. வாங்குகிறவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்று விற்கிறவர் கனேடியத் துப்பாக்கித் திட்டத்தில் சரிபார்த்து, குறிப்பு எண் பெற்ற பிறகே துவக்கைக் கை மாற்ற வேண்டும். தெரிந்த ஆள், உறவுக்காரர் என்று விட்டுவிட்டால் இருவருக்கும் வில்லங்கம். புதிதாக அனுமதிப்பத்திரம் கேட்பவருக்குக் குறைந்தது இருபத்தெட்டு நாள் காத்திருப்பும் உண்டு, பாதுகாப்பு வகுப்புக்கு இடம் கிடைக்கும் நாட்கள் வேறு. செப்டம்பரில் தொடங்கினால் நவம்பர் காலம் கைவிட்டுப் போகும்.

வீட்டில் ரவையில்லாத துவக்கை விசைப்பூட்டுப் போட்டோ, போல்ட்டைக் கழற்றியோ, பூட்டிய பெட்டிக்குள்ளோ வைக்கச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்றையும் செய்யலாம், போல்ட்டை வேறு அறையில் பூட்டி, ரவையை இன்னொரு பூட்டில். சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு வேட்டைப் பகுதியில் துவக்கு காலியாகவும் உறைக்குள்ளும் இருக்க வேண்டும். வனவிலங்கு அதிகாரிகள் பார்க்கிற முதல் விடயம் அதுதான்.

கடைசியாகக் குளிர். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையில் போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பாகாகிவிடும், ரவையை அடித்து வெடிக்கவைக்கும் அடிமுள் மெதுவாகப் போய் ரவையின் பின்புறத்தில் மெல்லிய பள்ளத்தை மட்டும் போடும், வெடிக்காது. ஒக்டோபரிலேயே போல்ட்டைப் பிரித்து எண்ணெயை முழுதாகக் கழுவி, காரீயத்தூள் (கிராஃபைட்) போன்ற உலர்ந்த மசகை மட்டும் இடுங்கள். பிரிக்கத் தெரியாவிட்டால் கடையில் கொடுத்தால் அரை மணி வேலை. குழல் வாயில் மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டு நாடாவை ஒரு துண்டு ஒட்டினால் பனி உள்ளே போகாது, அதன் ஊடாகவே சுடலாம். மாலையில் குடிலுக்கு வந்ததும் துவக்கை உறையோடு சூடில்லாத முன்னறையில் விடுங்கள். சூடான அறைக்குள் நேரே கொண்டுபோனால் ஸ்கோப் மங்கி, போல்ட்டுக்குள் நீர் கோர்க்கும். அந்த ஈரம் காய்வதற்குள் மறுநாள் விடிய வெளியே எடுத்தால் உறைந்து, போல்ட் திறக்காது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ